தனி வரிசையில் ஒரு கலை: அனிமேஷன் படங்களும் ஆஸ்கர் பரிந்துரைகளும்

ஒவ்வோர் ஆண்டும் ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியல் வெளியானதும் அனிமேஷன் ரசிகர்களிடையே சில கேள்விகள் மறுபடியும் எழுகின்றன. இந்தப் படம் ஏன் விடுபட்டது, அந்தப் படம் எப்படி உள்ளே வந்தது, அனிமேஷனுக்கு என்று தனி விருது எதற்கு, சிறந்த படம் என்ற பெரிய பிரிவில் இவற்றுக்கு ஏன் இடமில்லை? பட்டியலில் இருக்கும் பெயர்கள் ஆண்டுதோறும் மாறினாலும் வாதம் மாறுவதில்லை. இந்த வாதத்தை மூன்றாகப் பிரித்தால் விளங்கிக்கொள்வது எளிது. எது அனிமேஷன் என்பது முதல் கேள்வி. யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது இரண்டாவது. தனிப் பிரிவால் இக்கலைக்கு லாபமா நட்டமா என்பது மூன்றாவது. மூன்றையும் விருதுகளின் வரலாற்றோடு வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தனி விருதுக்கு முன்னால்

அனிமேஷன் குறும்படங்களுக்கான ஆஸ்கர் 1932ஆம் ஆண்டு முதலே உண்டு. வால்ட் டிஸ்னியின் 'ஃப்ளவர்ஸ் அண்ட் ட்ரீஸ்' அதை முதலில் வென்றது. ஆனால் முழுநீளப் படங்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று ஆஸ்கரை வழங்கும் அகாடமிக்கு நெடுங்காலம் தெளிவு இருக்கவில்லை. 1937இல் வெளியான 'ஸ்நோ ஒயிட்' படத்துக்காக டிஸ்னிக்குச் சிறப்பு விருது கொடுத்தார்கள். வழக்கமான அளவில் ஒரு சிலையும், குள்ளர்களுக்காக ஏழு சிறு சிலைகளும். 1988இல் வந்த 'ஹூ ஃப்ரேம்ட் ராஜர் ராபிட்' படத்தின் அனிமேஷன் இயக்குநர் ரிச்சர்ட் வில்லியம்ஸுக்கும், 1995இல் வந்த 'டாய் ஸ்டோரி'க்காக ஜான் லாசெட்டருக்கும் சிறப்புச் சாதனை விருதுகள் தரப்பட்டன. அன்றைக்கு இருந்த வழக்கம் இதுதான்: அனிமேஷனைப் பாராட்டலாம், போட்டியில் சேர்க்க வேண்டியதில்லை.

அந்த வழக்கத்தை முதலில் உடைத்தது 'பியூட்டி அண்ட் த பீஸ்ட்'. சிறந்த படத்துக்கான பரிந்துரையில் ஐந்து இடங்கள் மட்டுமே இருந்த காலத்தில், 1992ஆம் ஆண்டு விழாவில் அந்த ஐந்தில் ஒன்றாக அது நின்றது. விருது 'த சைலன்ஸ் ஆஃப் த லாம்ப்ஸ்' படத்துக்குப் போனது. இசைக்கும் பாடலுக்கும் கிடைத்த விருதுகளோடு 'பியூட்டி அண்ட் த பீஸ்ட்' திரும்பியது. ஆனாலும் அனிமேஷன் படம் அந்த மேடை வரை வர முடியும் என்பது நிரூபணமாகிவிட்டது.

தொண்ணூறுகளின் இறுதியில் டிஸ்னிக்கு வெளியிலும் பல நிறுவனங்கள் முழுநீள அனிமேஷன் எடுக்கத் தொடங்கின. ஆண்டுக்கு இரண்டு மூன்று என்றிருந்த படங்களின் எண்ணிக்கை ஒரு போட்டி நடத்துமளவுக்குப் பெருகியது. 2001ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து சிறந்த முழுநீள அனிமேஷன் படம் என்ற பிரிவு நடைமுறைக்கு வந்தது. 2002 மார்ச்சில் நடந்த விழாவில் 'மான்ஸ்டர்ஸ் இங்க்', 'ஜிம்மி நியூட்ரான்' ஆகியவற்றை முந்தி 'ஷ்ரெக்' முதல் விருதைப் பெற்றது.

எது அனிமேஷன்?

அந்த முதல் ஆண்டில் தகுதி பெற்றவை ஒன்பது படங்கள். பின்னாளில் வெடித்த சர்ச்சைகள் பலவும் அந்தச் சிறிய பட்டியலுக்குள்ளேயே இருந்தன. 'ஃபைனல் ஃபேன்டஸி' நடிகர்களின் உடலசைவுகளைப் பதிவுசெய்து உருவங்களுக்கு ஏற்றிய படம். 'ஆஸ்மோசிஸ் ஜோன்ஸ்' நிஜ நடிகர்களும் வரைபடமும் கலந்தது. ரிச்சர்ட் லிங்க்லேட்டரின் 'வேக்கிங் லைஃப்' கேமராவில் எடுத்த காட்சிகளின் மேல் ஓவியர்கள் வரைந்து உருவானது. இவற்றோடு நம் நாட்டுக்கு நெருக்கமான படம் ஒன்றும் இருந்தது. யூகோ சாகோவும் ராம் மோகனும் உருவாக்கிய இந்திய-ஜப்பானிய ராமாயணப் படம், அமெரிக்காவில் 'பிரின்ஸ் ஆஃப் லைட்' என்ற பெயரில் வெளியாகி அந்தத் தகுதிப் பட்டியலில் இடம்பெற்றிருந்தது. 2025இல் தமிழ்க் குரல்பதிவுடன் நம் திரையரங்குகளுக்கு வந்தது அதே படம்தான்.

முதலில் பெரிய தலைவலியானது உடலசைவுப் பதிவு, அதாவது மோஷன் கேப்சர். இந்த உத்தியைப் பெரிதும் பயன்படுத்திய 'ஹேப்பி ஃபீட்' 2007 விழாவில் விருதே வென்றது. அப்படியானால் நடனமாடியவரின் அசைவுக்கா, அதற்கு உருவம் தந்த கலைஞரின் கைத்திறனுக்கா விருது என்று துறைக்குள்ளிருந்தே கேட்டார்கள். அசைவு ஒவ்வொரு ஃப்ரேமாக உருவாக்கப்பட வேண்டும், மோஷன் கேப்சர் மட்டுமே அனிமேஷன் ஆகிவிடாது என்று 2010இல் அகாடமி விதியைத் திருத்தியது. அடுத்த ஆண்டே அதன் தாக்கம் குறித்த பேச்சு எழுந்தது. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் 'டின்டின்' கோல்டன் குளோப் அனிமேஷன் விருதை வென்றும் ஆஸ்கர் பரிந்துரையில் இடம்பெறவில்லை. 2014இல் ரஜினிகாந்த் நடித்த 'கோச்சடையான்' இதே உத்தியில் வந்தபோது, இது நடிப்பா அனிமேஷனா என்ற குழப்பத்தைத் தமிழ் ரசிகர்களும் நேரடியாகச் சந்தித்தார்கள்.

எதிர்த்திசையிலும் ஒரு சிக்கல் உண்டு. 2019இல் டிஸ்னி வெளியிட்ட 'த லயன் கிங்' மறு உருவாக்கத்தில் சிங்கமும் காடும் வானமும் கணினியில் பிறந்தவை. படத்தில் கேமராவில் எடுத்த காட்சி ஒன்றே ஒன்றுதான் என்று இயக்குநர் ஜான் ஃபாவ்ரோவே சொல்லியிருக்கிறார். ஆயினும் ஆஸ்கரில் அது விஷுவல் எஃபெக்ட்ஸ் பிரிவில் போட்டியிட்டது. அதே படத்தை கோல்டன் குளோப் அனிமேஷன் பிரிவில் பரிந்துரைத்தது. பெரும்பாலும், ஒரு படம் எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும் என்பதை அதைச் சமர்ப்பிக்கும் நிறுவனமே தீர்மானிக்கிறது. இது கலை சார்ந்த வரையறையைவிட வணிகம் சார்ந்த முடிவுக்கே நெருக்கமானது.

இன்றைய ஆஸ்கர் விதிப்படி படம் 40 நிமிடத்துக்கு மேல் ஓட வேண்டும், அதில் நான்கில் மூன்று பங்காவது அனிமேஷனாக இருக்க வேண்டும், முக்கியப் பாத்திரங்களில் கணிசமானவை அனிமேஷனில் அமைய வேண்டும். எழுத்தில் தெளிவாக இருந்தாலும் எல்லையில் நிற்கும் படங்களுக்கு இது எளிதாகப் பொருந்துவதில்லை. லிங்க்லேட்டரின் இன்னொரு படமான 'அப்பல்லோ 10½' 2022இல் முதலில் நிராகரிக்கப்பட்டு, மேல்முறையீட்டுக்குப் பிறகே தகுதி பெற்றது. அதே ஆண்டுக்கான போட்டியில் நிஜ வீட்டுக்குள் ஸ்டாப் மோஷன் பொம்மை உலவும் 'மார்செல் த ஷெல்' பரிந்துரையே பெற்றது. நடிகர்களைப் படம்பிடித்து, நூற்றுக்கும் மேற்பட்ட ஓவியர்கள் எண்ணெய் வண்ணத்தில் ஃப்ரேம் ஃப்ரேமாகத் தீட்டிய 'லவ்விங் வின்சென்ட்' 2018இல் பரிந்துரைக்கப்பட்டது. எந்தக் கருவி பயன்பட்டது என்று பார்ப்பதைவிட, திரையில் தெரியும் அசைவை உண்டாக்கும் முடிவுகளை எடுத்தது யார் என்று கேட்பதே நியாயமான அளவுகோலாகத் தோன்றுகிறது. அந்த அளவுகோலின்படி 'லவ்விங் வின்சென்ட்' போன்ற படங்களுக்கு இடம் உண்டு. 2019இன் 'லயன் கிங்'கும் அனிமேஷன் கலைஞர்களின் கணக்கில்தான் வரவேண்டும்.

யார் பரிந்துரைக்கிறார்கள்?

நெடுங்காலம் பரிந்துரைகளை அனிமேஷன் துறையினரும் பிற துறையினரும் கலந்த ஒரு குழு தேர்ந்தெடுத்தது. குழுவினர் படங்களைத் திரையிட்டுப் பார்த்தாக வேண்டும் என்ற கட்டுப்பாடும் இருந்தது. இம்முறையின் பெரிய வரவு, விளம்பரப் பணமே இல்லாத படங்கள் உள்ளே வந்தது. 2009ஆம் ஆண்டுப் படங்களுக்கான பட்டியலில் அயர்லாந்தின் 'த சீக்ரெட் ஆஃப் கெல்ஸ்' இடம்பெற்றபோது ஹாலிவுட்டில் பலர் அந்தப் பெயரையே அப்போதுதான் கேள்விப்பட்டார்கள். அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து ஸ்பெயினின் 'சிக்கோ அண்ட் ரீட்டா', பிரான்ஸின் 'எ கேட் இன் பாரிஸ்' இரண்டும் ஒரே பட்டியலில் வந்தன. பின்னர் பிரேசிலின் 'பாய் அண்ட் த வேர்ல்ட்' வந்தது. கைத்திறன் அறிந்தவர்கள் படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் நிறுவனத்தின் பெயர் பின்னுக்குப் போய்விடுகிறது.

குழுவுக்கும் குருட்டுப் புள்ளிகள் இருந்தன. உலகம் முழுக்கக் கொண்டாடப்பட்ட 'த லெகோ மூவி' 2015இல் பரிந்துரை பெறவில்லை. மகோடோ ஷின்காயின் 'யுவர் நேம்' 2017இல் இடம்பெறவில்லை. கிராஃபிக் நாவலின் வீச்சையும் போர் நினைவையும் கலந்த 'வால்ட்ஸ் வித் பஷீர்' சிறந்த அயல்மொழிப் படத்துக்குப் பரிந்துரைக்கப்பட்டது; அனிமேஷன் பிரிவில் அதற்கு இடமில்லை. வணிக வெற்றி மீதான சந்தேகம், பதின்ம வயதினர் ரசிக்கும் ஜப்பானிய அனிமே மீதான அலட்சியம், வயது வந்தோருக்கான கனத்த கதைகளை இந்தப் பிரிவில் வைத்துப் பார்க்கத் தயக்கம் ஆகிய மூன்றும் குழுவிடம் இருந்தன என்றே தோன்றுகிறது.

2018 விழாவுக்கு விதி மாறியது. விருப்பம் தெரிவிக்கும் எந்த அகாடமி உறுப்பினரும் பரிந்துரை வாக்களிப்பில் பங்கேற்கலாம் என்றானது. அந்த ஆண்டே 'த பாஸ் பேபி'யும் 'ஃபெர்டினாண்ட்'டும் பட்டியலில் வந்தன, 'த லெகோ பேட்மேன் மூவி' விடுபட்டது. இனி பெரிய நிறுவனங்களின் படங்களே நிறையும், சிறிய படங்களுக்குக் கதவு சாத்தப்பட்டுவிட்டது என்று துறையினர் பலர் அஞ்சினார்கள்.

அந்த அச்சம் முழுமையாகப் பலிக்கவில்லை என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். பின்வந்த ஆண்டுகளில் ஜப்பானின் 'மிராய்', பிரான்ஸின் 'ஐ லாஸ்ட் மை பாடி', அயர்லாந்தின் 'வுல்ஃப்வாக்கர்ஸ்', ஸ்பெயினின் 'ரோபோட் ட்ரீம்ஸ்', ஆஸ்திரேலியாவின் 'மெமோயர் ஆஃப் எ ஸ்னெயில்' எல்லாம் பரிந்துரை பெற்றன. டென்மார்க்கின் 'ஃப்ளீ' அனிமேஷன், ஆவணப்படம், அயல்மொழிப் படம் ஆகிய மூன்று பிரிவுகளிலும் ஒரே ஆண்டில் பரிந்துரைக்கப்பட்ட முதல் படமானது. இதற்கு இரண்டு காரணங்களைக் காணலாம். ஒன்று, 2016க்குப் பிறகு அகாடமி அமெரிக்காவுக்கு வெளியிலிருந்து ஏராளமான உறுப்பினர்களைச் சேர்த்தது. இரண்டு, உறுப்பினர்களுக்கான இணையத் திரையிடல் வசதி வந்ததால் சிறிய படத்தைத் தேடிப் போக வேண்டிய நிலை மாறியது. வாக்குரிமை விரிந்தபோது தரம் வீழாமல் காத்தவை இவையே.

பார்க்காமல் போடும் வாக்கு

பரிந்துரைக்குப் பிறகு விருதைத் தீர்மானிக்கும் இறுதி வாக்கு எல்லா உறுப்பினர்களுக்கும் உரியது. அகாடமியில் ஏறத்தாழ 10,000 பேர் இருக்கிறார்கள். மிகப் பெரிய பிரிவு நடிகர்களுடையது. இங்கேதான் உண்மையான நோய் இருந்தது. வாக்களிப்பவர் ஐந்து படங்களையும் பார்த்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் நெடுங்காலம் இல்லை. தங்கள் பிள்ளைகள் எதை ரசித்தார்களோ அதற்கே வாக்கு என்று வெளிப்படையாகச் சொன்னவர்கள் உண்டு. பெயர் வெளியிடாத வாக்காளர் ஒருவர் 2015இல் ஒரு திரைத்துறை இதழிடம் பேசியபோது, பரிந்துரையில் இருந்த அயர்லாந்துப் படத்தையும் ஜப்பானியப் படத்தையும் ஒன்றாகச் சேர்த்து யாரும் கேள்விப்படாத சீனப் படங்கள் என்று இழிவாகக் குறிப்பிட்டார். அந்த இரண்டில் ஒன்று, இசாவோ தகஹாதா தம் வாழ்வின் இறுதிப் படமாக ஆண்டுக்கணக்கில் உழைத்து உருவாக்கிய 'த டேல் ஆஃப் த பிரின்சஸ் காகுயா'.

முடிவுகளிலும் இதன் சாயல் தெரிகிறது. 2025 விழா வரை வழங்கப்பட்ட 24 விருதுகளில் பிக்ஸார் 11ஐயும், டிஸ்னியின் சொந்த அனிமேஷன் பிரிவு 4ஐயும் பெற்றன. அந்த 24இல் கையால் வரைந்த படங்கள் இரண்டுதான். இரண்டுமே ஹயாவோ மியாசாகியுடையவை. ஸ்டாப் மோஷனும் இரண்டுதான். மீதி 20ம் கணினி அனிமேஷன். பிக்ஸாரின் பல வெற்றிகள் முழுத் தகுதியுடையவை. 'வால்-ஈ'யையும் 'அப்'பையும் யார் மறுக்க முடியும்? ஆனால் ஒரே நிறுவனக் குடும்பம் ஐந்தில் மூன்று பங்குக்கு மேல் எடுத்துக்கொள்ளும்போது, பழகிய பெயருக்கு விழுந்த வாக்குகளும் அதில் கலந்திருக்கின்றன என்று எண்ணாமல் இருக்க முடியாது.

துறைக்குள்ளேயே நடத்தும் விருதுகள் இதற்கு மாற்றாகுமா? 1972இல் தொடங்கிய ஆன்னி விருதுகள் அனிமேஷன் கலைஞர்களாலேயே வழங்கப்படுபவை. அங்கும் சிக்கல் வந்தது. 2009இல் 'குங் ஃபூ பாண்டா' விருதுகளை அள்ளிச் சென்றது, ஆஸ்கர் வென்ற 'வால்-ஈ'க்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. எந்த நிறுவனத்தின் ஊழியர்கள் அதிக எண்ணிக்கையில் உறுப்பினர்களாக இருக்கிறார்கள் என்ற கேள்வி எழுந்தது. 2010இல் டிஸ்னி அந்த விருதிலிருந்தே விலகி, விதிகள் திருந்திய பிறகுதான் திரும்பியது. நிபுணர்களின் கையில் ஒப்படைத்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது என்பதற்கு இது சான்று.

தனிப் பிரிவும் சாத்திய கதவும்

ஹாலிவுட்டை மட்டும் பார்த்தால் தெரியாத ஒரு போக்கு பல விருதுகளை ஒப்பிடும்போது தெளிவாகிறது. ஜப்பான் அகாடமி விருதில் மியாசாகியின் 'பிரின்சஸ் மோனோனோகே'யும் 'ஸ்பிரிட்டட் அவே'யும் ஆண்டின் சிறந்த படமாகவே வென்றன. 2007இல் அங்கு அனிமேஷனுக்குத் தனிப் பிரிவு வந்தது. அதற்குப் பிறகு எந்த அனிமேஷன் படமும் அந்தப் பெரிய விருதைப் பெற்றதில்லை. கோல்டன் குளோபில் 'பியூட்டி அண்ட் த பீஸ்ட்', 'த லயன் கிங்', 'டாய் ஸ்டோரி 2' மூன்றும் சிறந்த இசை அல்லது நகைச்சுவைப் படமாக வென்றன. 2007இல் தனிப் பிரிவு வந்தபின் அந்தப் பொதுப் பிரிவில் போட்டியிடும் வாய்ப்பையே அனிமேஷன் படங்கள் நெடுங்காலம் இழந்திருந்தன. ஆஸ்கரில் விதி தடுக்கவில்லை. ஆனாலும் 2025 விழா வரை சிறந்த படத்துக்குப் பரிந்துரை பெற்றவை 'பியூட்டி அண்ட் த பீஸ்ட்', 'அப்', 'டாய் ஸ்டோரி 3' என மூன்றே. பின்னிரண்டும் பரிந்துரை இடங்கள் பத்தாக விரிந்த முதல் இரண்டு ஆண்டுகளில் வந்தவை. இப்போது மறுபடியும் பத்து இடங்கள் நிரந்தரமாகியும் அனிமேஷனுக்கு ஒன்றும் வாய்க்கவில்லை.

மனித மனம் செயல்படும் விதம் இதற்குக் காரணம். ஒரு படத்துக்கு வேறிடத்தில் வாக்களிக்க வழி இருக்கும்போது, பெரிய பட்டியலில் அந்த இடத்தை மற்றொரு படத்துக்குக் கொடுத்துவிடுகிறார்கள். இதோடு அனிமேஷன் என்றால் குழந்தைகளுக்கானது என்ற பழைய எண்ணமும் சேர்ந்துகொள்கிறது. 2022 விழா மேடையிலேயே, குழந்தைகள் திரும்பத் திரும்பப் பார்ப்பதும் பெற்றோர் பொறுத்துக்கொள்வதுமான ஒன்றாக அனிமேஷன் அறிமுகம் செய்யப்பட்டது. துறையினர் வெகுவாகப் புண்பட்டார்கள். மறு ஆண்டு 'பினோக்கியோ'வுக்காக விருது வாங்கிய கியெர்மோ டெல் டோரோ, அனிமேஷன் என்பது சினிமாவேதான், அது ஒரு கதை வகை அல்ல என்று அதே மேடையில் அறிவித்தார். இன்று வரை குரல் நடிப்புக்காக மட்டும் எவரும் ஆஸ்கர் நடிப்புப் பிரிவில் பரிந்துரைக்கப்பட்டதில்லை என்பதும் அந்த எண்ணத்தின் தொடர்ச்சியே.

அப்படியானால் தனிப் பிரிவை எடுத்துவிடலாமா? கூடாது. 2025இல் வென்ற 'ஃப்ளோ'வைப் பார்க்க வேண்டும். லாத்வியாவின் கின்ட்ஸ் ஸில்பலோடிஸ், இலவச மென்பொருளான ப்ளெண்டரைக் கொண்டு, ஒரு வசனமும் இல்லாமல், ஹாலிவுட் படத்தின் செலவில் சிறு துளியளவே செலவிட்டு எடுத்த படம் அது. 'இன்சைட் அவுட் 2', 'த வைல்ட் ரோபோட்' ஆகியவற்றை வென்று தன் நாட்டுக்கு முதல் ஆஸ்கரைக் கொண்டுவந்தது. சிறந்த படத்துக்கான களத்தில் மட்டும் நின்றிருந்தால் இந்தப் படத்தின் பெயரை உலகம் கேட்டிருக்காது. சிறிய நாடுகளின் கலைஞர்களுக்கு இருக்கும் ஒரே பெரிய வாசலை, பெரிய படங்களின் கௌரவத்துக்காக மூடுவது அநியாயம்.

பிரிவே மறைந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இந்தியாவிலேயே உதாரணம் இருக்கிறது. நம் தேசியத் திரைப்பட விருதுகளில் 2006ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து சிறந்த அனிமேஷன் படத்துக்கு விருது இருந்தது. தெலுங்கின் 'கிட்டு' அதை முதலில் பெற்றது. தமிழில் 'இனிமே நாங்கதான்' 2007இல் வந்ததும் அந்தக் காலத்து நம்பிக்கையில்தான். பின்னர் இந்தப் பிரிவு அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸ், கேமிங், காமிக்ஸ் எல்லாம் சேர்ந்த ஒரே பிரிவாக மாற்றப்பட்டது. அதன்பின் வென்றவை 'பிரம்மாஸ்திரா', 'ஹனுமான்'. இரண்டும் நடிகர்கள் நடித்து, கிராஃபிக்ஸ் சேர்த்த படங்கள். அவற்றின் தொழில்நுட்பக் கலைஞர்கள் பாராட்டுக்குரியவர்களே. ஆனால் ஆண்டுக்கணக்கில் வரைபலகையில் உழைக்கும் அனிமேஷன் இயக்குநருக்கு இங்கே தனக்கென்று ஓர் இடம் இல்லாமல் போய்விட்டது.

செய்ய வேண்டியவை

இவ்வளவையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒன்று உறுதியாகிறது. தனிப் பிரிவு இருப்பதும் குற்றமல்ல, பொது வாக்கு வைப்பதும் குற்றமல்ல, குழு வைப்பதும் குற்றமல்ல. படத்தைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்வதுதான் குற்றம். நல்ல பட்டியல் வந்த ஆண்டுகளில் எல்லாம், வாக்களித்தவர்கள் படங்களைப் பார்த்திருந்தார்கள் அல்லது பார்ப்பதற்கு வசதி செய்யப்பட்டிருந்தது. ஒரு பிரிவில் பரிந்துரைக்கப்பட்ட எல்லாப் படங்களையும் பார்த்தவர்கள்தான் அந்தப் பிரிவின் இறுதி வாக்களிப்பில் பங்கேற்கலாம் என்று 2025இல் அகாடமி விதி கொண்டுவந்தது இதனால்தான் முக்கியமானது. இது இருபது ஆண்டுகளுக்கு முன்பே வந்திருக்க வேண்டும்.

அதோடு நின்றுவிடக் கூடாது. பரிந்துரைச் சுற்றுக்கும் குறைந்தபட்ச எண்ணிக்கைப் படங்களைப் பார்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை கறாராக வேண்டும். முழுக்கக் கணினியில் உருவான படத்தை நிறுவனத்தின் வசதிக்கேற்ப வேறு பிரிவுக்குக் கொண்டுசெல்ல அனுமதிக்கக் கூடாது. இந்தியத் தேசிய விருதுகளில் அனிமேஷன் தனக்கான பிரிவைத் திரும்பப் பெற வேண்டும். ஒரு படம் அனிமேஷனுக்கான விருதையும் சிறந்த படத்துக்கான விருதையும் சேர்த்தே வெல்ல முடியும். அயல்மொழிப் பிரிவில் இருந்துகொண்டே 'பாரசைட்' 2020இல் சிறந்த படமாக வென்றதைப் போல. அந்த நாள் அனிமேஷனுக்கும் வர வேண்டுமானால், வாக்குச்சீட்டு வைத்திருப்பவர்கள் இந்தப் படங்களின் முன்னால் உட்கார்ந்து, கடைசி ஃப்ரேம் வரை பார்த்து, பிறகு முடிவெடுக்க வேண்டும்.